எலிக்கும் மனிதனுக்கும் மரபணு ஒன்றென்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

2023 ஏப்ரலில், இலங்கையிலிருந்து ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி ஆராய்வதாக அப்போதைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர சொன்னார். மிருகக்காட்சிச்சாலைகளுக்கு என்பதுதான் விளக்கம். ஒரு இலட்சம் குரங்கை எந்த மிருகக்காட்சிச்சாலை வைத்துப் பராமரிக்கும் என்று பலரும் கேட்டார்கள். ஆய்வுகூடங்களுக்குத்தான் போகப்போகின்றன என்ற சந்தேகம் உடனே கிளம்பியது. சுற்றாடல் ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள். அந்த வருடம் ஜூனில், அனுப்பும் திட்டம் இல்லை என்று அரச தரப்பு நீதிமன்றத்தில் தெரிவித்ததோடு விடயம் அடங்கியது. குரங்குகளிடம் பயிரை இழக்கும் கந்தளாய்ப் பக்கத் தோட்டக்காரர்களுக்கு அதில் ஏமாற்றம் இருந்திருக்கலாம். அது வேறு கதை.

அப்போது எழுந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. எலி இருக்கும்போது ஆய்வுகூடத்துக்குக் குரங்கு எதற்கு? முகநூலில் வந்த பதில்கள் எல்லாம் சதவீதக் கணக்கு. ரீசஸ் குரங்கின் டிஎன்ஏ மனித டிஎன்ஏயோடு 93% ஒத்தது, எலியின் புரத மரபணுக்கள் சராசரியாக 85% ஒத்தவை என்பது போல. எண்கள் பிழையில்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு எந்த நோயை எந்த விலங்கில் ஆராயலாம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்கு வேண்டியது வேறு தகவல். தாயின் வயிற்றில் ஓர் உடல் உருவாகும்போது எந்த மரபணு, எந்த அங்கத்தில், எந்தக் கட்டத்தில், எவ்வளவு வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும். அதை இனத்துக்கு இனம் ஒப்பிடும் வேலை கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் நன்றாக வளர்ந்திருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்குப் பாதி தெரிந்ததுதான். மற்றவர்களுக்காக அடியிலிருந்து தொடங்கலாம்.

இருப்பது வேறு, வேலை செய்வது வேறு

மரபணு (பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு) என்பது டிஎன்ஏயின் ஒரு பகுதி. ஒரு புரதத்தை எப்படிக் கட்டுவது என்ற தகவல் பெரும்பாலும் அதில் இருக்கும். புரதம் தரும் மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000. சுண்டெலியிடமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பெரும்பாலானவற்றை மனிதனில் ஒன்று, சுண்டெலியில் ஒன்று என்று சோடி சேர்த்துவிடலாம்.

உங்கள் கண்ணின் கலங்களிலும் ஈரலின் கலங்களிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். இன்சுலினுக்கான மரபணு தசைக் கலத்திலும் இருக்கிறது. ஆனால் அங்கே சும்மா கிடக்கிறது. சதையியின் சில கலங்களில் மட்டும் தாராளமாக வேலை செய்கிறது. வேலை செய்வது என்றால், முதலில் அந்த மரபணுவின் நகல் ஆர்என்ஏயாக எடுக்கப்படும். பிறகு நகலைப் பார்த்துப் புரதம் கட்டப்படும். இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். ஒரு இழையத்தில் ஒரு மரபணுவின் ஆர்என்ஏ நகல்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணினால், அது எவ்வளவு வெளிப்படுகிறது என்று ஓரளவு பிடிபடும். ஓரளவுதான், ஏனென்றால் நகல் நிறைய இருந்தும் புரதம் குறைவாக இருக்கலாம், கட்டிய புரதம் சீக்கிரம் அழிந்தும் போகலாம்.

ஒரு மரபணு எப்போது, எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டுகள் தனியாக இருக்கின்றன. அவற்றைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் என்று வைத்துக்கொள்வோம். சில, மரபணுவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சில நம்ப முடியாத தூரத்தில் இருக்கும். கைகால் வளர்ச்சியில் பெரிய பங்கு வகிக்கும் ஒரு மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதி, அதிலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு அப்பால், இன்னொரு மரபணுவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தூரத்துப் பகுதியில் ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். ஆறு விரல் பரம்பரையாக வரும் சில குடும்பங்களில் காரணம் இதுதான். மரபணுவில் ஒரு பழுதும் இருக்காது.

1975இல் மேரி-கிளயர் கிங், அலன் வில்சன் என்ற, அமெரிக்காவில் பணியாற்றிய இரு ஆய்வாளர்கள் மனிதனுடைய புரதங்களையும் சிம்பன்சியுடையவற்றையும் ஒப்பிட்டார்கள். 99% ஒத்திருந்தன. இவ்வளவு ஒத்த புரதங்களால் இவ்வளவு வேறுபட்ட இரண்டு உடல்கள் எப்படி வரும் என்று கேட்ட அவர்கள், வேறுபாட்டின் பெரும்பகுதி மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் முறையில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அன்று அது தர்க்கம் மட்டும். எண்ணிப் பார்க்கக் கருவி வர முப்பது வருடத்துக்கு மேலானது.

வளர்ந்த உடலை ஒப்பிட்டால் போதாதா?

முதலில் அதைத்தான் செய்தார்கள். 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மனிதன் முதல் பிளாட்டிபஸ் வரை ஒன்பது முலையூட்டிகளையும் ஒரு பறவையாகக் கோழியையும் எடுத்து, ஆறு அங்கங்களில் மரபணு வெளிப்பாட்டை அளந்தது. மூளையில் மாற்றம் மெதுவாகவும் ஆணின் விதையில் மிக வேகமாகவும் நடந்திருப்பது அதில் தெரிந்தது.

ஆனால் முதிர்ந்த அங்கத்தில் பார்ப்பது விளைவை மட்டும்தான். கைகால், இதயத்தின் அறைகள், மூளையின் அடுக்குகள் எல்லாம் தீர்மானமாவது முளையத்தில், அதாவது கருவின் ஆரம்ப நிலையில். அங்கே ஒரு மரபணு சில நாட்கள், சில வேளை சில மணித்தியாலங்கள் வேலை செய்துவிட்டு அடங்கிவிடும். பிறகு வாழ்நாள் முழுதும் அந்த அங்கத்தில் அது தலைகாட்டாமலே போகலாம். இதயத்தில் துளையோடு பிறக்கும் குழந்தைக்குக் காரணம் தேடுபவர் வளர்ந்தவரின் இதயத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது.

ஒப்பிடும் முறை

1. இழையம். ஒவ்வொரு இனத்திலும், ஒவ்வொரு கட்டத்திலும், அதே அங்கத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். வளர்ந்த எலியில் இது சுலபம். பத்து நாள் முளையத்தில் சிறுநீரகம் எங்கே முடிகிறது, பக்கத்து இழையம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதற்கே தனிக் கை வேண்டும்.

2. எண்ணிக்கை. இழையத்திலிருந்து ஆர்என்ஏயைப் பிரித்து, அதன் எழுத்து வரிசையை இயந்திரத்தில் படித்து, எந்த மரபணுவுக்கு எத்தனை நகல் என்று கணினியில் கணக்குப் போடுவார்கள்.

3. சோடி சேர்த்தல். இரு இனங்களின் பொது மூதாதையிடம் ஒன்றாக இருந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்த மரபணுக்களை மட்டுமே நேருக்கு நேர் ஒப்பிடலாம். ஒரு பக்கம் இரட்டிப்பானவை, மறு பக்கம் தொலைந்துபோனவை எல்லாம் கணக்கில் வராமல் விடுபடும். இந்தத் துறையின் முடிவுகளைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது. இனத்துக்கே உரிய புதுமைகள் சில அந்த விடுபட்ட பட்டியலில்தான் இருக்கும்.

4. கட்டம் பொருத்தல். இதுதான் உண்மையான தலையிடி.

சுண்டெலியின் கர்ப்பகாலம் 19, 20 நாள். பெரிய எலிக்கு 21, 22. முயலுக்கு ஒரு மாதம். ரீசஸ் குரங்குக்கு ஏறத்தாழ 165 நாள். மனிதனுக்குக் கருத்தரித்ததிலிருந்து 38 கிழமை. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஒரு சாதாரண பஸ்ஸும் ஒரு கடுகதி பஸ்ஸும் ஒன்றாகக் கிளம்பினால், மூன்று மணித்தியாலத்தில் இரண்டும் எங்கே நிற்கின்றன என்று ஒப்பிடுவதில் பயனில்லை. ஹபரணையில் என்ன நடந்தது, தம்புள்ளையில் என்ன நடந்தது, குருநாகலில் என்ன நடந்தது என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். முளையத்திலும் அப்படித்தான். மனித முளையத்தின் முதல் எட்டுக் கிழமையை, உடலில் தெரியும் அடையாளங்களை வைத்து 23 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த அடையாளங்களின்படி சுண்டெலியின் பத்தாம் நாளும் மனித முளையத்தின் நான்காம் கிழமையும் ஏறக்குறைய ஒரே இடம்.

பிறப்பையே பொது அடையாளமாக வைக்கலாமே என்று தோன்றும். அது சரிவராது. திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமானின் குட்டி பிறந்து கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நிற்கும். சுண்டெலிக் குட்டி கண் திறக்கவே ஏறக்குறைய இரண்டு கிழமை. கங்காருவின் தூரத்து உறவான ஒப்போசம் வெறும் 14 நாளில் பிறந்துவிடுகிறது. அதன் அங்க வளர்ச்சியில் பெரும்பகுதி தாயின் முலைக்காம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் நடக்கிறது. பிறப்பு என்பது எங்கே நடக்கிறது என்பதன் மாற்றமே தவிர, எல்லா இனத்துக்கும் ஒரே வளர்ச்சிக் கட்டம் இல்லை.

அதனால் இப்போது மரபணு வெளிப்பாட்டை வைத்தே கட்டங்களைப் பொருத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஒட்டுமொத்தப் போக்கு எந்த இரண்டு நாட்களில் அதிகம் ஒத்துப்போகிறதோ அவை ஒரே கட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு சுழல் இருக்கிறது. ஒத்திருப்பதை வைத்துப் பொருத்திவிட்டு, பிறகு ஒத்திருக்கிறது என்று ஆச்சரியப்பட முடியாது. ஆகவே இந்த முறையில் கிடைக்கும் உருப்படியான தகவல், ஊரோடு ஒத்தோடாமல் தனியே விலகிப்போகும் மரபணுக்கள் எவை என்பதுதான்.

2019இல் வந்த பெரிய வரைபடம்

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் கெஸ்மன் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் அடித்தளமாக இன்று நிற்கிறது. முதல் ஆசிரியர் மார்கரிடா கார்டோசோ-மொரெய்ரா. மனிதன், ரீசஸ் குரங்கு, சுண்டெலி, பெரிய எலி, முயல், ஒப்போசம், கோழி என்று ஏழு இனம். பெருமூளை, சிறுமூளை, இதயம், சிறுநீரகம், ஈரல், சூலகம், விதை என்று ஏழு அங்கம். அங்கங்கள் உருவாகத் தொடங்கும் நாட்களிலிருந்து முதிர்ந்த பருவம் வரை 1,893 மாதிரிகள்.

கண்டதில் முதன்மையானது: ஆரம்பக் கட்டங்களில் இனங்கள் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருக்கின்றன, வளர வளர விலகுகின்றன. முளையங்களைக் கண்ணால் பார்த்து கார்ல் ஏர்ன்ஸ்ட் வொன் பேர் 1828இலேயே இதைச் சொல்லியிருந்தார். இப்போது அங்கம் அங்கமாக எண்களில் தெரிகிறது.

காரணம் ஆராயத் தக்கது. ஆரம்பத்தில் வேலை செய்யும் மரபணுக்கள் ஒரே நேரத்தில் பல அங்கங்களில் வேலை செய்கின்றன. அதில் கை வைத்தால் இதயமும் கெடும், மூளையும் கெடும், முளையம் பிழைக்காது. அதனால் அவற்றில் மாற்றங்களை இயற்கைத் தேர்வு விட்டுவைப்பதில்லை. பிற்பாடு வேலை செய்பவை ஓரிரு அங்கங்களோடு நின்றுவிடுகின்றன. அங்கே மாற்றத்துக்கு இடம் அதிகம்; கூர்ப்பில் புதிதாக வந்த மரபணுக்களும் அந்தப் பிற்பகுதியில்தான் அதிகம் தலைகாட்டுகின்றன.

அங்கத்துக்கு அங்கம் வித்தியாசமும் உண்டு. ஒரு மரபணுவின் ஏற்ற இறக்கப் போக்கு இனத்துக்கு இனம் மாறியிருப்பது மூளைப் பகுதிகளில் மிகக் குறைவு. ஈரலிலும் விதையிலும் மிக அதிகம். மனிதனைத் தனித்துக் காட்டுவது மூளைதானே, அதில்தான் அதிகம் மாறியிருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது இடறும். ஈரலின் கதையோ தனி. கருவில் அது இரத்தக் கலங்களை உருவாக்கும் இடம். பிறப்பை ஒட்டி அந்த வேலை எலும்பு மச்சைக்குப் போய்விட, ஈரல் சாப்பாட்டையும் நஞ்சையும் கையாளும் அங்கமாக மாறுகிறது. எந்த விலங்கு என்ன தின்கிறது என்பதைப் பொறுத்து ஈரலின் தேவைகள் மாறுவதில் வியப்பில்லை.

குரங்குக் கேள்விக்குப் பதில் இந்த ஆய்வின் மாதிரிப் பட்டியலிலேயே இருக்கிறது. மனித மாதிரிகள் 4ஆம் கிழமையில் தொடங்கி 20ஆம் கிழமையோடு நிற்கின்றன. அதன் பிறகு பிறந்த குழந்தையிலிருந்துதான் மறுபடி தொடங்குகின்றன. நடுவில் பாதிக் கர்ப்பகாலம் வெற்றிடம். காரணம் சட்டமும் அறமும்; அந்த வயதுக் கருவின் இழையம் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை, கிடைக்கவும் கூடாது. ரீசஸ் குரங்கின் மாதிரிகளோ 93ஆம் நாளில் தொடங்கிப் பிறப்பையும் தாண்டிப் போகின்றன. அதாவது மனிதனில் பார்க்க முடியாத அந்தப் பிற்பகுதியைக் குரங்கை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். கருத்தரித்த நாள் துல்லியமாகத் தெரிந்த, வளர்ப்பில் உள்ள குரங்காக அது இருக்க வேண்டும். தோட்டத்தில் கூண்டு வைத்துப் பிடித்த ரிலவாக் குரங்கு இந்த வேலைக்கு உதவாது. உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும், அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது என்பது வேறு.

கோட்டையில் மான், கடலில் டொல்பின்

அங்கங்களை மொத்தமாக அளக்கும் ஆய்வுகள் எங்கே வேறுபாடு என்று காட்டும். அந்த வேறுபாடு உடலை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். திருகோணமலைக்காரருக்குக் கண்முன்னே நல்ல உதாரணம் இருக்கிறது.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நிற்கும் மானும், நிலாவெளியிலிருந்து படகில் போனால் தென்படும் டொல்பினும், மானும் குதிரையும் நெருங்கியதை விட நெருங்கிய உறவு. திமிங்கிலங்களும் டொல்பின்களும் இரட்டைக் குளம்பு விலங்குகளின் கிளையிலிருந்து வந்தவை. காஷ்மீரில் கிடைத்த, ஏறத்தாழ 48 மில்லியன் ஆண்டுப் பழமையான இந்தோஹையஸ் என்ற சிறு மான் போன்ற விலங்கின் எலும்புகள் 2007இல் விவரிக்கப்பட்டபோது இந்த உறவு இன்னும் தெளிவானது. இன்று உயிரோடு இருப்பவற்றில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கியது நீர்யானை.

சரி, ஒரே கிளையில் ஒன்றுக்கு நான்கு கால், மற்றதுக்குப் பின்கால் இல்லை. எப்படி?

முலையூட்டி முளையத்தில் கைகால் முதலில் சிறு மொட்டாக வரும். மொட்டின் பின் ஓரத்தில், சுண்டுவிரல் வரப்போகும் பக்கம், சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற மரபணு வேலை செய்யத் தொடங்கும். (பெயர் வீடியோ கேம் பாத்திரத்திலிருந்துதான் வந்தது, விஞ்ஞானிகளின் விளையாட்டு.) அதன் புரதம் மொட்டில் பரவும் அளவைப் பொறுத்து எத்தனை விரல், எந்த ஒழுங்கில் என்பது அமையும்.

டொல்பின் முளையத்தில் பின்கால் மொட்டு உண்மையில் வருகிறது. சில நாள் பார்த்தால் கால் வளரப்போகிறது என்றே நினைக்கத் தோன்றும். பிறகு அது சுருங்கி மறைந்துவிடும். 2006இல் புள்ளி டொல்பின் முளையங்களை ஆராய்ந்தவர்கள், அந்த மொட்டில் சொனிக் ஹெட்ஜ்ஹொக் வெளிப்படவே இல்லை என்று கண்டார்கள். முன்பக்கத் துடுப்பு வழக்கம்போல வளர்கிறது.

மரபணு தொலைந்துபோகவில்லை. தொலையவும் முடியாது, ஏனென்றால் மூளையும் முள்ளந்தண்டும் உருவாக அதே மரபணு வேண்டும். மனிதனில் அது பழுதானால் மூளை இரண்டு பாதியாகப் பிரியாத கடுமையான குறைபாடு வரும். பின்கால் மொட்டில் மட்டும் அதை எழுப்பாமல் விட்டதால்தான் டொல்பினுக்குக் கால் போனது, உயிர் போகவில்லை.

இரட்டைக் குளம்புக்கு இன்னொரு வழி. மாட்டு முளையத்தை 2014இல் ஆராய்ந்தபோது, சொனிக் ஹெட்ஜ்ஹொக் அங்கே வேலை செய்தது. ஆனால் அதன் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு, கட்டுப்பாட்டுப் பகுதியில் வந்த மாற்றத்தால், சரியாகப் பதில் கொடுக்கவில்லை. விரல்களின் ஒழுங்கு சமச்சீராகி, நடு இரண்டும் பெருத்து, மாடு இரண்டு குளம்போடு நிற்கிறது. ஒரே கிளை, ஒரே சமிக்ஞைத் தொடர், ஆனால் வேறு வேறு இடத்தில் தலையீடு.

இப்படிக் கட்டுப்பாட்டுப் பகுதி காரணம் என்பதை நேரடியாகச் சோதிக்கவும் செய்திருக்கிறார்கள். 2008இல் ஒரு குழு, கைகால் நீளத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வௌவாலிலிருந்து எடுத்துச் சுண்டெலியில் வைத்தது. முன்கால் சற்றே, ஏறத்தாழ 6%, நீண்டது. இறக்கை முளைக்கவில்லை. எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி: சுண்டெலியின் சொந்தப் பகுதியை முழுதாக வெட்டி எறிந்தபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே வேலையைச் செய்ய வேறு பகுதிகளும் இருந்தன. ஒரு மரபணு, ஒரு மாற்றம், ஒரு புதிய உடல் என்று பத்திரிகைத் தலைப்பு போடுபவர்கள் இந்த இரண்டாம் முடிவைச் சொல்வதில்லை.

வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

முள்ளந்தண்டின் துண்டங்கள் முளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் தவறாமல் உருவாகின்றன. ஒவ்வொரு துண்டத்துக்கும் ஒருமுறை சில மரபணுக்கள் எழுந்து அடங்கும். சுண்டெலியில் ஒரு சுற்று ஏறத்தாழ 2 மணித்தியாலம். மனிதனில் 5 மணித்தியாலத்துக்கு மேல். மரபணுக்கள் அதே மரபணுக்கள்.

2020இல் மிகி எபிசுயாவின் குழு, தாளத்தின் மையமான மரபணுவின் மனித வடிவத்தை அதன் கட்டுப்பாட்டுப் பகுதியோடு சுண்டெலிக் கலத்துக்குள் வைத்துப் பார்த்தது. தாளம் மனித வேகத்துக்கு மாறவில்லை. சுண்டெலி வேகத்திலேயே ஓடியது. அப்படியானால் வேகம் அந்த மரபணுவில் எழுதியிருக்கவில்லை. மனிதக் கலங்களில் புரதங்கள் அழிவதும், நகலெடுத்து முடிப்பதும் மெதுவாக நடக்கின்றன. அதுதான் காரணம் என்று அளந்து காட்டினார்கள். அதே வருடம் ஜேம்ஸ் பிரிஸ்கோவின் லண்டன் குழு நரம்புக் கலங்களிலும் இதே மாதிரியான முடிவுக்கு வந்தது.

ஆர்என்ஏயை மட்டும் எண்ணும் ஆய்வின் எல்லை இங்கே தெரிகிறது. நகல்கள் ஏறி இறங்குவது அதில் பதிவாகும். ஏன் மெதுவாக ஏறி இறங்குகின்றன என்பது பதிவாகாது.

மருந்துக்கும் நோய்க்கும் இதனால் என்ன?

தலிடோமைட் என்ற தூக்க மருந்து 1957 ஒக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டபோது, உலகெங்கும் பத்தாயிரம் அளவில் குழந்தைகள் கைகால் குறுகியும் வேறு குறைபாடுகளோடும் பிறந்திருந்தார்கள். கர்ப்பமான எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தாலும் கைகால் கெடுவதில்லை. முயலிலும் குரங்கிலும் கெடுகிறது. ஏன் என்பதற்கு விடை 2018இல்தான் தெளிவானது. கைகால் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு புரதத்தை அந்த மருந்து அழிக்க வைக்கிறது. சுண்டெலியில் சம்பந்தப்பட்ட புரதங்களின் வடிவம் சிறிது வேறு என்பதால் அந்த அழிவு நடப்பதில்லை. கவனிக்க: இங்கே வேறுபாடு வெளிப்பாட்டில் இல்லை, புரதத்திலேயே இருக்கிறது. வெளிப்பாட்டு வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் சுண்டெலி தகுதியானது என்றுதான் வந்திருக்கும். மருந்து தாக்கும் காலம் மட்டும் முளைய வளர்ச்சியோடு ஒட்டியது. கருத்தரித்து 20ஆம் நாளிலிருந்து 36ஆம் நாள் வரையிலான குறுகிய இடைவெளி. பலருக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியாத நாட்கள்.

நோய்களின் பக்கம் வந்தால், ஹைடெல்பெர்க் வரைபடத்தை வைத்து 2020இல் வெளியான தொடர் ஆய்வு ஒரு பட்டியலே தந்தது. மனித மரபணுக்களில் பாதிக்கு, சுண்டெலிச் சோடியின் போக்கு குறைந்தது ஓர் அங்கத்திலாவது வேறுபடுகிறது. மூளை, இதயம், ஈரல் நோய்களோடு தொடர்புள்ள 200க்கு மேற்பட்ட மரபணுக்கள் அதில் அடக்கம். அந்த நோய்களைச் சுண்டெலியில் ஆராய்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்றார்கள். சுண்டெலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பாதி வேறுபடுகிறது என்றால் மற்றப் பாதி ஒப்பிட்ட எல்லா அங்கங்களிலும் ஒத்துப்போகிறது என்றும் அர்த்தம்.

ஆகவே எலியில் வெற்றி என்ற செய்தி கையில் வந்தால் கேட்கத் தக்கவை:

1. எந்த அங்கம்? மூளை பற்றிய அடிப்படை மரபணுப் போக்குகளில் சுண்டெலியை நம்ப இடமுண்டு. ஈரல் என்றால் எனக்குச் சந்தேகம் கூடும்.

2. எந்தக் கட்டம்? அங்கம் உருவாகும் ஆரம்ப நாட்கள் என்றால் ஒப்பீடு வலுவானது. பிறப்பை ஒட்டியதும் அதன் பின்னுள்ளதும் என்றால் வலு குறைகிறது.

3. அளந்தது இழையத்தையா, கலங்களையா? இது சற்று விளக்க வேண்டியது.

இழையத்தை அரைத்து அளக்கும்போது, ஒரு மரபணு மனிதனில் அதிகம் என்று வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒவ்வொரு கலத்திலும் அது அதிகம் வேலை செய்யலாம். அல்லது அந்த மரபணுவைப் பயன்படுத்தும் கல வகையே மனிதனில் அதிகமாக இருக்கலாம். மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கலம் கலமாகப் பிரித்து அளக்கும் நுட்பம் வந்த பிறகுதான் இதைப் பிரித்தறிய முடிகிறது. கெஸ்மன் குழுவினரும் கூட்டாளிகளும் மனிதன், சுண்டெலி, ஒப்போசம் மூன்றின் சிறுமூளையை இப்படி ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் பிறக்கும் பர்கின்ஜே நரம்புக் கலங்களின் பங்கு மனிதனில் மற்ற இரண்டையும் விட ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. பழைய முறையில் இது நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டு மாற்றமாகப் பதிவாகியிருக்கும். உண்மையில் கலத்தொகையின் மாற்றம்.

விலங்கே வேண்டாம், மனிதத் தண்டுக் கலங்களிலிருந்து (பல வகைக் கலங்களாக மாறக்கூடியவை) தட்டில் சிறு மூளைத் துண்டை வளர்த்துப் பார்க்கலாம் என்ற வழியும் இப்போது திறந்திருக்கிறது. இனம் மாற்றி ஊகிக்கும் சிக்கல் அதில் இல்லை. ஆனால் அவசரப்படுத்த முடியாது. தாயின் உடல் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, ஆனாலும் அந்தக் கலங்கள் மனித வேகத்தையே பிடித்துக்கொள்கின்றன. 2021இல் வெளியான ஆய்வில், தட்டில் வளர்த்த மூளைத் துண்டின் மரபணு வெளிப்பாடு பிறந்த குழந்தையின் நிலையை நெருங்க 250 முதல் 300 நாள் வரை எடுத்தது.